மச்சாள் கேட்ட கேள்வி

அந்த மனிதர் சப்பாத்தைக் கழற்றி, விறாந்தைப் படியோரம் சோடியாக வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டுக்கு வருகிற எத்தனையோ பேருக்கு அந்த மரியாதை தெரியாது. கதிரையில் இருந்து, தேத்தண்ணி நல்லாயிருக்கு என்று சொல்லி, மச்சாளைப் பார்த்துச் சிரித்தார். "மிஸ்ஸின்ட ஆராய்ச்சியைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கலாமோ?" என்றார்.

மச்சாள் என் கணவரின் தங்கை, பொருளியல் விரிவுரையாளர். கலாநிதிப் பட்ட ஆய்வுக்காகச் சல்லிக் கிராமத்துப் பக்கம் கரைவலை இழுக்கும் மீனவக் குடும்பங்களிடம் மாதக்கணக்காகப் போய்வந்தாள். "பட்டம் வருதோ இல்லையோ, நீ கருவாடாத்தான் வாறாய்" என்று பகிடி பண்ணுவேன். அவள் அங்கே கேட்ட ஒரு கேள்வி மட்டும் எனக்குப் பிடிக்கவே இல்லை. எவ்வளவு தந்தால் இந்தக் கரையை விட்டுப் போவீங்கள்? சந்தையில் விலை இல்லாத ஒன்றைச் சனங்கள் எவ்வளவு மதிக்கிறார்கள் என்று அறிய, பொருளியலில் அப்படிக் கேட்பது வழக்கமாம். "சும்மா ஒரு கற்பனை மச்சாள், ஒருத்தரும் வாங்கப் போறேல்ல" என்றாள். விலை கேட்டால் வாங்க ஆள் வந்திட்டுது என்றுதானே சனம் நினைக்கும் என்றேன். சிரித்துவிட்டுப் போனாள்.

கரையில் சிலர் ஏசினார்கள். சிலர் வாய்க்கு வந்த தொகையைச் சொன்னார்கள். கடலில் புருஷனைப் பறிகொடுத்த ஓர் அக்கா மட்டும் ஒரு சின்னத் தொகையை மெல்லிய குரலில் சொன்னாவாம். ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டாவாம்.

வந்தவருக்கு வேண்டியது அதுதான்: யார் எவ்வளவு சொன்னார்கள். எங்கேயிருந்து வந்தவர் என்று கேட்டதற்கு, "அபிவிருத்தி வேலைதான்" என்றார்.

"பேர் ஒண்டும் வெளியில போகாது எண்டு சொல்லித்தான் கேட்டனான். தர ஏலாது" என்றாள் மச்சாள்.

அவர் கோபிக்கவில்லை. எழும்பும்போது, "அந்தப் புருஷன் இல்லாத பொம்பிளைக்கு மூண்டு பிள்ளையள், என்ன?" என்று மட்டும் கேட்டார். அதை அவருக்கு யார் சொன்னது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அடுத்த நாள் காலை, குசினிக்குப் பின்னால் வைத்து அத்தனை பதில்களையும் மச்சாள் எரித்தாள். கணினியில் இருந்ததையும் அழித்தாள். அந்தப் பதில்கள் இல்லாமல் ஆய்வே இல்லை என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். அவளிடம் படித்த பிள்ளைகள் இப்போது கலாநிதிகள். இவள் இருந்த இடத்திலேயே இருக்கிறாள். எனக்கு அவளை நினைத்தால் பெருமையாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

இந்த வருஷம் அந்தக் கரை நெடுக, சிவப்புப் பெயின்ற் அடித்த எல்லைக் கட்டைகளை யாரோ நட்டிருக்கிறார்கள். யாருடையவை என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஒரு கட்டை பிள்ளையார் கோயில் வாசலிலேயே நிற்கிறது.

போன ஞாயிறு இருவரும் அங்கே போனோம். சனம் ஏசும் என்றுதான் பயந்துகொண்டு போனேன். ஏசியிருந்தால் எவ்வளவோ நல்லது. வலை இழுத்தவர்கள் மரியாதையாக ஒதுங்கி, எங்களுக்கு வழி விட்டார்கள். அந்த அக்கா மட்டும் கிட்ட வந்து, மச்சாளின் கையைப் பிடித்து ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனா.

"மிஸ், அண்டைக்கு நான் தெரியாமக் குறைச்சுச் சொல்லிப்போட்டன். பிள்ளையள் இருக்கு. கொஞ்சம் கூட்டிப் போட்டு விடுங்கோவன்."