செங்கம்மாளின் கத்தி

பொன்னேரி மீன் சந்தையில் செங்கம்மாளின் கத்திக்குத் தனிப் பேர் உண்டு. லாரி ஸ்பிரிங் பட்டையில் கொல்லர் அடித்துக் கொடுத்த எஃகுக் கத்தி. வஞ்சிரத்தின் நடு முள்ளை ஒரே இழுப்பில் அறுத்துவிடும். ஆனால் கொஞ்சம் ஈரம் தங்கினால் போதும், மறுநாளே சிவப்பாகத் துரு பூத்துவிடும். அதனால் கடைசி மீன் போனதும் தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டுத் தேய்ப்பாள், கழுவுவாள், ஒற்றி ஒற்றித் துடைத்து வெயிலில் காட்டுவாள். நல்லெண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றிய பிறகுதான் ஏரிக்கரைக் குப்பத்துக்குக் கிளம்புவாள்.

"கத்திய புள்ள மாதிரி குளிப்பாட்டிக்கினு கீறா பாரு" என்பாள் பக்கத்தில் மீன் விற்கும் பச்சையம்மா. பிள்ளையில்லாத செங்கம்மாளுக்குச் சுருக்கென்று தைக்கும். ஆனாலும் சிரித்துவைப்பாள்.

அறுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் ஒருநாள், கத்தியைத் தீட்டிவிட்டுக் கட்டைவிரலால் கூர் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. மொக்கைதான் போல என்று மறுபடி தீட்டி, அழுத்திப் பார்த்தாள்.

"அய்யோ, ரத்தம்டி!" பச்சையம்மா அலறினாள். "இவ்ளோ ஆழமா கிழிஞ்சிக்கீது, வலிக்கல?"

வலிக்கவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

காயத்துக்குக் கட்டுப் போட்ட டாக்டர், முழங்கையில் வெளுத்திருந்த தேமலைப் பஞ்சால் தொட்டுப் பார்த்தார். தொட்டது அவளுக்குத் தெரியவில்லை. "தொழுநோய்மா. மாத்திரை சாப்பிட்டா மேல பரவாது. ஆனா போன உணர்ச்சி திரும்பறது கஷ்டம். கத்தி, நெருப்புகிட்ட ஜாக்கிரதையா இரு."

"யாராண்டயும் சொல்லாத" என்றான் கூட வந்த புருஷன் லோகநாதன். ஆனால் சந்தையில் எப்படியோ தெரிந்துவிட்டது. முன்பு அவளைத் தேடி வந்து மீன் வாங்கியவர்களெல்லாம் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். முகத்துக்கு நேரே யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. பச்சையம்மாகூட, "வெயிலு அடிக்குதுடி" என்று தன் பலகையைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

ஒருநாள் கூடை மீனும் அப்படியே கிடந்தது. செங்கம்மாள் பச்சையம்மாவிடம் கத்தியை நீட்டினாள். "நீயே வெச்சிக்கோ. சுடுதண்ணில அலசிட்டேன். ஈரத்தோட மட்டும் வெச்சிடாத."

வாங்க நீட்டிய தன் கையைப் பச்சையம்மா பாதியில் இழுத்துக்கொண்டாள். "எனுக்கு இன்னாத்துக்குடி... என்னுதே கீது."

அதோடு செங்கம்மாள் சந்தைக்குப் போவதை நிறுத்தினாள்.

மறுபடி வெட்டிக்கொள்வாளோ என்று பயந்து லோகநாதன் கத்தியைக் கூரையில் செருகி வைத்தான். மழை ஒழுகியது. அவள் கண்டெடுத்தபோது துரு தின்று அலகு சொரசொரத்திருந்தது. செங்கல் பொடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவளின் கையைப் பிடித்தான்.

"உடு. நான் தேய்க்கிறேன், நீ சொல்லு."

"அழுத்தித் தேய். இப்பத் தொடை. பிடியாண்ட ஈரம் நிக்குது பாரு" என்றவளுக்கு அழுகை வந்துவிட்டது. துரு போயிற்று, குழிகள் போகவில்லை. அன்றிலிருந்து வீட்டிலேயே கருவாடு போட்டார்கள். மீன் கீறுவது அவன் வேலை. உப்பிட்டுக் காயவைப்பது அவள் வேலை.

மாத்திரையில் நோய் நின்றது. ஏழு வருஷம் கழித்து, "இனி வர வேணாம்" என்றார் டாக்டர். நோயில் மடங்கிப்போன இரண்டு விரல்கள் மட்டும் நிமிரவில்லை. அந்த வாரமே கருவாட்டுக் கூடையோடு பொன்னேரிக்குப் போனாள். அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். பச்சையம்மா கலங்கிய கண்ணோடு எழுந்துவந்து கூடையை வாங்கிக்கொண்டாள்.

"எம் பேர மட்டும் சொல்லாத, பச்சம்மா. விக்காது."

பச்சையம்மா சொல்லவில்லை. கருவாடு நன்றாகவே விற்றது. வாங்கியவர்கள் அடுத்த வாரமும் கொண்டுவரச் சொன்னார்கள்.