பாதைக்குப் போட்ட மரச்சிராய்

காய்கறித் தோட்டக்காரன் வேலையில் காய்கறியோடு மல்லுக்கட்டுவது கால்வாசிதான்; மிச்சமெல்லாம் அதைப் பார்க்க வருகிறவர்களின் கால்களோடு. முதலாளிக்குத் தோட்டம் போட்டுக் கொடுத்து நொந்தவர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம்.

சறுக்கல்

இலங்கை மலையகத்தில், தெமோதரைக்கு மேலே பழைய பங்களா ஒன்றை எங்கள் முதலாளி வாங்கி, வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதியாக்கினார். அதுவரை தேயிலை மலையில் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவன் நான். இங்கே பலகை அடித்து, மண் நிரப்பி, இடுப்பளவு உயரத்துக்குப் பாத்திகள் கட்டினேன். லீக்ஸ், கரட், பீட்ரூட். எதை எங்கே நடுவது என்று யாரையும் கேட்காமல் நானே முடிவு செய்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷம் தலைக்கேறி, பாதையை மறந்துவிட்டேன்.

மழை விழுந்ததும் பாத்திகளுக்கு நடுவே வெண்ணெய் மாதிரி சேறு. வெள்ளைக்கார அம்மா ஒருத்தர் கரட்டைப் படம் பிடிக்கப் போய், கரட்டுக்குப் பக்கத்திலேயே படுத்துவிட்டார். முதலாளி சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "அடுத்த மழையிலயும் யாராச்சும் விழுந்தா, தோட்டத்த மூடிட்டுக் கார் நிறுத்துற எடமாக்கிருவேன்."

குப்பை

பதுளையில் மரம் அறுக்கும் மரக்காலையிலிருந்து லொறி நிறைய சவுக்கு மரச்சிராய் எடுத்து வந்து, பாதை முழுக்க நாலு விரல் கனத்துக்குப் பரப்பினேன். தண்ணீர் கீழே இறங்கிவிடும், கால் மேலே நிற்கும். என் யோசனையை நானே மெச்சிக்கொண்டு தூங்கினேன்.

காலையில் வந்து பார்த்தால் பாதை பளிச்சென்று இருக்கிறது! பங்களா வாசல் கூட்டும் மாரியாயி அக்கா எனக்கு முன்னமே வந்து, அத்தனையையும் விளக்குமாறால் கூட்டி மூலையில் குவித்துவிட்டார். போதாததற்கு, வெறும் மண்ணில் சாணித் தண்ணீரும் தெளித்திருந்தார். ஏற்கெனவே வழுக்குகிற இடம், இனிமேல் சறுக்கு விளையாடலாம். "ஏன்க்கா இப்படிப் பண்ணுனீங்க?" என்று அழாத குறையாகக் கேட்டேன். "குப்பையக் கொட்டுறது ஓன் வேலை, கூட்டுறது என் வேலை. நான் ஒன்னய ஏதாச்சும் கேட்டேனா?"

அடுப்பு

அக்காவுக்கு ஒரு கட்டு லீக்ஸ் கொடுத்து, கையெடுத்துக் கும்பிட்டு, திரும்பப் பரப்பினேன். இந்தத் தடவை பாதை கொஞ்சம் கொஞ்சமாக இளைத்துக்கொண்டே வந்தது. யார் எடுக்கிறார்கள் என்று ஒளிந்திருந்து பார்க்கும் வேலையே வரவில்லை. சாயந்தரம் நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டு அடுப்பில் என் பாதை எரிந்துகொண்டிருந்தது! பக்கத்து வீட்டுக் காம்பராக்களிலும் அதே சவுக்குப் புகை. "அடியே, அது என் பொழைப்புடி!" என்று கத்தினேன். என் மனைவி செல்வி ஊதுகுழலைக்கூடக் கீழே வைக்கவில்லை. "காஞ்ச வெறகத் தரையில கொட்டி மிதிக்கிற நீங்க, அடுப்புல வச்ச என்னய ஏசுறீங்களா?"

பூவாளி

நாள் பூராவும் கொழுந்து எடுத்துவிட்டு, அடுப்புக்காக மலையிலிருந்து தேயிலைக் குச்சிகளையும் கட்டித் தலையில் சுமந்து வருகிறவளிடம் என்ன பேச? ஆனால் ஈரச் சிராய் எரியாதே! அன்றிலிருந்து சாயந்தரமானால் பூவாளியை எடுத்து, பாத்தியை விட்டுவிட்டுப் பாதைக்குத் தண்ணீர் ஊற்றினேன். சிராய் தப்பியது, மானம் போனது. வேலிக்கு வெளியே போய்க்கொண்டிருந்த தேயிலை மலையில் எங்களை வேலை வாங்கிய பழைய கங்காணி நின்று நிதானமாகப் பார்த்தார். "ஏம்ப்பா, பாதைக்குத் தண்ணி ஊத்துறியே, எப்பக் காய்க்கும்?"

மழை

வந்தது பாருங்கள் மழை! விட்டதும் முதலாளி புதுச் சப்பாத்தோடு தோட்டத்துக்குள் இறங்கினார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடந்தார். வழுக்கவில்லை. நம்பாமல் ஒரு தடவை குதித்தும் பார்த்தார். சப்பாத்தில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. என் பாத்திகள் பிழைத்தன என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவர் வந்து தோளில் தட்டினார். "பிரமாதம்! இதையே முழுக்கப் போட்டா காரு டயர்கூடப் பொதையாது. பாத்தியெல்லாம் கழட்டிரு."

சேறு இருந்தால் தோட்டம் போய்விடுமே என்று பயந்து சேற்றை விரட்டினேன்; போன சேறு தோட்டத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது.