இடது கணுக்காலில் ஒரு காற்று

வாலஸுக்குக் கண் போய்ப் பல வருஷமாகிறது. டனீடின் நகரத்து மலைச்சரிவில் இருக்கும் அந்தப் பழைய மரவீட்டை அவர் காற்றை வைத்தே அறிந்துகொண்டிருந்தார். இடது கணுக்காலில் சில்லென்றால் துணி துவைக்கும் அறை. காதோரம் சீட்டியடித்தால் குளியலறை ஜன்னல். பிடரியில் பட்டால் படுக்கையறை. தென்துருவப் பக்கமிருந்து குளிர்ந்த தெற்குக் காற்று வீசும் நாட்களில் வீடு முழுக்க யாரோ தூக்கத்தில் முணுமுணுப்பதுபோல் இருக்கும். அதன் நடுவே மிதந்து போவதில் அவருக்கு ஒரு சுகம். கம்பளிக் கிடங்கில் ஆட்டுரோமம் தரம் பிரித்தே தலை நரைத்தவர், எதையும் தொட்டே தெரிந்துகொள்கிற ஆள்.

மனைவி நோலீனுக்கோ அந்தக் காற்றுதான் எமன். முழங்காலில் வாதம். ஹீட்டர் போட்டால் சூடெல்லாம் இடுக்கு வழியே ஊருக்குப் போய்விடும், கரண்ட் பில் மட்டும் வீட்டுக்கு வரும். இந்தக் குளிர்காலம் அவள் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். ஜன்னல் விளிம்பெல்லாம் நுரைப்பட்டை ஒட்டினாள். வாலஸின் பழைய கால்சட்டைகளை வெட்டி, மணலடைத்துத் தைத்து, கதவுக்குக் கதவு அடியில் இடுக்கை அடைக்கும் பாம்பாகப் போட்டாள்.

"ஊருக்கெல்லாம் கம்பளி அனுப்புனே. உன் பொண்டாட்டியக் காப்பாத்துனது உன் கிழிஞ்ச பேண்ட்டுதான்!"

வீடு கதகதத்தது. பில் பாதியானது. நோலீன் ஊன்றுகோலை மூலையில் சாத்திவிட்டுப் பாட்டுப் பாடினாள்.

வாலஸுக்கு மட்டும் வீடு காணாமல் போனது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே வெதுவெதுப்பு, பஞ்சுப்பொதிக்குள் நடப்பது மாதிரி. பயமாக இருந்தது. சொந்த வீட்டில் வழி கேட்க வெட்கமாகவும் இருந்தது. சொன்னால் எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டுவிடுவாள், மறுபடி அந்த வலி வந்துவிடும் என்று வாயைத் திறக்கவில்லை.

ஒரு காலை, குளியலறை என்று நினைத்துத் துணி அலமாரிக்குள் நின்றுகொண்டிருந்தார்.

"உள்ள என்ன பண்றே?"

"துண்டு தேடுறேன்."

"துண்டு உன் தோள்லதான் கிடக்கு, கிழவா."

 நோலீன் அவர் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிவந்தாள். பிடி வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது.

மறுநாள் வீட்டு நடைக்கு வந்தபோது இடது கணுக்காலில் நூலளவு குளிர். குனிந்து தடவினார். துவைக்கும் அறைப் பாம்பு ஒரு சாண் விலகிக் கிடந்தது.

"நோலீன், பாம்பு நகந்துடுச்சு. மறுபடி கதவோட சேத்து வெச்சுடறேன்."

"அதத் தொடாதே!" சமையலறையிலிருந்து குரல் வந்தது. "நான்தான் நகத்துனேன்."

"உன் முழங்கால்?"

"கம்பளி சுத்தியிருக்கேன். நீ தரம் பிரிச்ச ரோமமாத்தான் இருக்கும். வழி தவறாம வந்து சேரு, டீ ஆறுது."

வாலஸ் நிமிர்ந்தார். அந்தக் குளிரை இடது பக்கமாகவே வைத்துக்கொண்டு, சுவரைத் தொடாமல் நடந்தார்.