ஐந்தருவி மேட்டில் போன கிளட்ச்

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை, குற்றாலத்திலிருந்து ஐந்தருவிக்கு ஏறும் மேட்டில் என் கார் நின்றுவிட்டது.

நின்றுவிட்டது என்றால்... இன்ஜின் நிற்கவில்லை. அது பாட்டுக்கு உறுமுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தம் கூடுகிறதே தவிர, சக்கரம் அசையவில்லை. தீய்ந்த வாடை வேறு. பின்னால் ஒரு பஸ், அதன் பின்னால் ஒரு ஜட்கா, அதற்கும் பின்னால் பாளையங்கோட்டைக்காரர் ஒருவரின் கார். ஜட்காக் குதிரையைத் தவிர எல்லாரும் என்னைத் திட்டினார்கள்.

இறங்கினேன். எந்தக் கோலத்தில்? இடுப்பில் ஒரு துண்டு. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை நல்லெண்ணெய். சொட்டுகிறது.

வெளியூர் வாசகர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். சாரல் அடித்து அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டால், எண்ணெய் தேய்க்காமல் குளிக்கப் போகிறவனை இந்தப் பக்கத்தில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அருவிக்கரையிலேயே தேய்த்துவிட ஆட்கள் உண்டு. எனக்கு அது ஒத்துவராது. முதுகில் அறைகிறான், கழுத்தைத் திருகுகிறான். எழுந்திருக்கும்போது அது நம் உடம்புதானா என்று சந்தேகம் வந்துவிடுகிறது. ஆகவே நான் தென்காசியில் வீட்டிலேயே தேய்த்துக்கொள்வேன். டிரைவர் சீட்டில் ஒரு சாக்கை விரித்து, அதன்மேல் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போவேன். போய்ச் சேர்வதற்குள் எண்ணெய் ஊறிவிடும். கார் வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு சீசனுக்கும் இதுதான் வழக்கம். என்ன மூளை பாருங்கள்!

அந்த மூளைக்காரன் நடுரோட்டில் வழிந்துகொண்டு நின்றான்.

பாளையங்கோட்டைக்காரர் இறங்கி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஐயா... நீங்க வாராவாரம் பத்திரிகையில எழுதுதவுகல்லா?"

"இல்லை" என்றேன்.

"அச்சு அசல் அவுகள மாதிரியே இருக்கிய" என்று சொல்லிவிட்டுக் காரைத் தள்ள வந்தார். நானும் தள்ளப் போனேன். கை வைத்த இடத்தில் நிற்கவில்லை. "நீங்க கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க, அது போதும்" என்றார் பஸ் கண்டக்டர். ஒதுங்கி நின்றேன்.

ஒருவழியாக வண்டியைத் திருப்பி, இறக்கத்தில் உருட்டிக் குற்றாலம் வந்தோம். அங்கிருந்து ஒரு லாரியில் கயிறு கட்டித் தென்காசிக்கு இழுத்து வந்தோம். அன்றைக்கு எனக்குக் குளியல், வீட்டுக் கிணற்றடியில்.

எங்கள் தெருக்கோடியில்தான் மைதீனின் ஒர்க்‌ஷாப். மறுநாள் கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் பிளேட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். சாப்பாட்டுத் தட்டு மாதிரி வட்டமாக இருக்கும் சாமான். அதன் இரண்டு பக்கமும் லைனிங் என்று கனமாக ஒன்று இருக்க வேண்டும். இன்ஜினின் சுழற்சியை அது கவ்விப் பிடித்தால்தான் கார் நகரும். என் பிளேட்டில் லைனிங்கைத் தேட வேண்டியிருந்தது. அதைப் பிடித்திருந்த ரிவிட்டுகள் மட்டும் பல்லிளித்தன.

"எப்படிவே இப்படித் தேஞ்சுச்சு?" என்று கேட்டேன்.

"பெடல்ல இருந்து கால முழுசா எடுக்காம, அரை மிதியிலயே வச்சு ஓட்டுனா இப்படித்தான் தேயும் அண்ணாச்சி. பாதி கவ்வும், பாதி வழுக்கும், சூடாயி எரிஞ்சிரும்" என்ற மைதீன், என்னை நிமிர்ந்து பார்த்தார். "வண்டிய வேற யாரும் ஓட்டுதாவளா?"

"என் வீட்டுக்காரி பழகுதா."

மைதீன் பிளேட்டை வாங்கிக் கீழே வைத்தார். "அப்பம் சரி" என்றார்.

அவ்வளவுதான். விசாரணை முடிந்தது, தீர்ப்பும் எழுதியாயிற்று. நானும் அவரும் ஆளுக்கு ஒரு டீ குடித்தோம்.

ஒரு சாமான் கெட்டுப்போனால் நாம் என்ன கேட்கிறோம்? அதை அதிகமாகப் புழங்கியது யார் என்றா கேட்கிறோம்? கிடையாது. அதைத் தொடக் கூடாத ஆள் யார் தொட்டது என்றுதான் கேட்கிறோம். ரேடியோ கெட்டால் பிள்ளைகள். கடிகாரம் நின்றால் வேலைக்காரி. கார் நின்றால் — பெண்டாட்டி.

கோமதி, அதாவது என் மனைவி, ஆலங்குளத்தில் டீச்சர். தினமும் பஸ். சீசன் வந்துவிட்டால் அந்த பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. பாதி நாள் நிறுத்தாமலே போய்விடுவான். பிந்திப் போய்த் தலைமையாசிரியையிடம் திட்டு வாங்கி அலுத்துப்போனவள், ஒருநாள் "எனக்குக் கார் ஓட்டச் சொல்லித் தாங்க" என்றாள். சுந்தரபாண்டியபுரம் ரோட்டில் சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுத்தேன் என்பது கொஞ்சம் கூடுதல். பக்கத்தில் உட்கார்ந்து கத்தினேன். கியர் மாற்றியதும் அவள் கிளட்சிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைத்துவிடுவாள். "கால எடுக்காதட்டி! அவசரத்துக்குப் பெடல எங்க போயித் தேடுவ?" என்று பாய்வேன். சரி என்பாள். மறுபடியும் எடுத்துத் தரையில் வைப்பாள். பிடிவாதக்காரி.

வெள்ளிக்கிழமை அவளுக்கு டெஸ்ட். லைசென்ஸ் கொடுக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் அன்றைக்குத் தென்காசிக்கு வருகிறார். ஒர்க்‌ஷாப்பிலிருந்து வீட்டுக்குப் போன கையோடு சொன்னேன்: "இனி நீ கார் பக்கமே வரக் கூடாது. பிளேட்டத் தின்னு தீத்துட்ட."

"வெள்ளிக்கிழமை டெஸ்ட் இருக்குல்லா?"

"டெஸ்ட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. பஸ்ஸுல போ."

"அவரு அடுத்த தடவ வாரதுக்குள்ள எல் லைசென்ஸ் முடிஞ்சிரும். பொறவு முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். நீங்க விடுவியளா?"

"விடமாட்டேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் கொஞ்சம் சமாதானமாக இருந்திருக்கும். பரீட்சைப் பேப்பர் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு திருத்த உட்கார்ந்துவிட்டாள். சிவப்பு மை அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே செலவானது.

இந்த மாதிரிப் பழைய இங்கிலீஷ் காருக்குப் புதுப் பிளேட் இப்போது எங்கே கிடைக்கிறது? பழைய பிளேட்டிலேயே புது லைனிங் வைத்து ரிவிட் அடித்து மாட்டிக்கொடுத்தார் மைதீன். புதன்கிழமை சாயங்காலம் வண்டி வந்தது. சாவியை என் இடுப்பில் முடிந்துகொண்டேன். தூங்கும்போதுகூட அங்கேதான் இருந்தது. யாருக்குப் பயந்து? சொந்தப் பெண்டாட்டிக்கு.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் லீவு. காலையில் வழக்கப்படி எண்ணெய், வழக்கப்படி துண்டு, வழக்கப்படி சாக்கு. கோமதியும் குளிக்க வந்தாள். பின் சீட்டில் உட்கார்ந்தாள். புது லைனிங் அல்லவா, வண்டி வெண்ணெய் மாதிரி போயிற்று. "பாத்தியா? கையாளுதவன் கையாண்டா இப்படித்தான் போகும்" என்றேன். அவள் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஐந்தருவி மேடு வந்தது. பாதி ஏறியதும்... அதே தீய்ந்த வாடை.

வண்டியை ஓரத்தில் நிறுத்தினேன். உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "மைதீன் ஏமாத்திட்டான்! மட்டமான லைனிங்க அடிச்சிருக்கான். இண்ணைக்கு அவன நான்..."

"இங்கேருங்க" என்றாள் பின் சீட்டிலிருந்து. "சாவி ஒங்க இடுப்புலதான இருந்துச்சு? இந்தத் தடவ நான் எப்படித் தின்னேன்? கனவுலயா?"

நான் இடுப்பைத் தடவிப் பார்த்தேன்.

"நானும் தென்காசியில இருந்து பாத்துக்கிட்டுதான் வாரேன். கிளட்ச்ல வச்ச கால நீங்க எடுக்கவே இல்ல. எடுத்தா என்ன?"

"எடுத்தாத் திரும்ப வைக்கும்போது வழுக்கும்லாட்டி! காலெல்லாம் எண்ணெ!"

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது என் காதில் விழுந்தது.

குனிந்து பார்த்தேன். கிளட்ச் பெடல், நன்றாகத் தேய்த்த மொட்டைத் தலை மாதிரி மினுங்கியது. ஆமாம், முதல் சீசனில் ஒருதரம் பெடலிலிருந்து கால் வழுக்கி, வண்டி ஒரு குதி குதித்தது. அன்றிலிருந்து பயந்துபோய்ப் பாதத்தை அதன்மேல் அழுத்தி வைத்துக்கொண்டே ஓட்டியிருக்கிறேன். காய்ந்த காலோடு ஓட்டும் நாட்களிலும் அதே பழக்கம். அதையே ஓட்டுகிற முறை என்று அவளுக்கும் கற்றுக்கொடுக்கப் பார்த்திருக்கிறேன். நல்ல வேளை, அவள் என் பேச்சைக் கேட்கிற ரகமில்லை.

மன்னிப்புக் கேட்டேனா? எனக்கு அதெல்லாம் வராது. சாவியை எடுத்து டிரைவர் சீட்டில் வைத்தேன். கொடுக்கவில்லை, வைத்தேன். பின்பக்கம் போய்ச் சாக்கை விரித்து உட்கார்ந்தேன்.

அவள் வந்து உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பால் பெடலை அழுத்தித் துடைத்தாள். கொஞ்ச நேரம் ஆறவிட்டு, அதே மேட்டில் வண்டியை எடுத்தாள். ஏறியது. வாடை இல்லை. அதைவிடக் கேவலம், அவள் ஒரு வார்த்தை பேசவுமில்லை. ஐந்து அருவியும் சேர்ந்து தலையில் அடித்தபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை டெஸ்ட். இன்ஸ்பெக்டர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் வேப்பமரத்தடியில் நின்றேன். சுற்றிலும் லாரி டிரைவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள். "பொம்பளையாளு எங்கன கொண்டுபோயி முட்டப் போறாவளோ" என்றார் ஒருவர். முந்தின நாள் காலை வரை நானும் அந்தக் கட்சிதான். அன்றைக்கு அந்த ஆளை அறையலாம் போலிருந்தது.

முன்னால் போனாள், பின்னால் வந்தாள், மேட்டில் நிறுத்தி எடுத்தாள். இன்ஸ்பெக்டர் இறங்கி, "பாஸ். யாரும்மா சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார்.

கோமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தேன்.

"எங்க வீட்டுக்காரருதான் சார். அந்தா நிக்காவல்லா, அவுகதான். கோவமே படாம, அம்புட்டுப் பொறுமையாச் சொல்லித் தந்தாவ."

இன்ஸ்பெக்டர் நேரே மரத்தடிக்கு வந்து கையை நீட்டினார்.

கூசாமல் குலுக்கினேன்.