இரண்டு காமிராவும் ஒரு கையும்

கைத்தொலைபேசியில் படம் எடுத்து எடுத்து எனக்கு வெறுத்துப்போயிருந்தது. எடுத்த படமெல்லாம் காலை வணக்கச் செய்திகளுக்கும் ஆபீஸ் கோப்புகளுக்கும் நடுவில் தொலைந்துபோகும். கைப்பைக்குள் அடங்கும்படி, நினைத்தபோது எடுத்து நீட்டும்படி, சின்னதாக ஒரு மிரர்லெஸ் காமிரா வாங்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் காட்சிக்கு இல்லை, அன்றாடத்துக்கு. பாரோய் காலைச் சந்தையில் கீரை ஆய்கிற கைகள், மழைக்குப் பாலத்தடியில் ஒதுங்கிய மோட்டார் சைக்கிள்கள், என் வீட்டுக்காரர் ஓட்டும் பள்ளி வேனில் வாய் பிளந்து தூங்கும் பிள்ளைகள். பெரிய காமிராவை நீட்டினால் பிள்ளைகள் உடனே சிரித்துக்கொண்டு போஸ் கொடுக்க ஆரம்பித்துவிடும். எனக்கு அது ஆகாது.

சிரம்பான் டவுனில் காமிராக் கடை வைத்திருப்பவர் ஒரு தமிழ் முஸ்லிம். எல்லாருக்கும் அவர் நானா. வேறு எந்தக் கடைக்காரரும் செய்யாத ஒரு காரியத்தை அன்று அவர் செய்தார். இரண்டு காமிராக்களை எடுத்து என் முன்னால் வைத்து, "ரெண்டையும் கொண்டு போம்மா. திங்கக்கிழமை ஒன்ன திருப்பிக் குடு, போதும்" என்றார். வேனில் அவருடைய பேரப்பிள்ளைகளும் போய் வந்த பழக்கம்.

"கறுப்பு லேசு. ஹேண்ட்பேக்ல கிடக்குறதே தெரியாது. ஆனா கை ஆடக்கூடாது. இந்தச் சாம்பல் கொஞ்சம் கனம். உள்ளுக்குள்ள ஒரு வேல இருக்கு இதுக்கு. கை ஆடினா சென்சாரும் எதிர்ப்பக்கம் ஆடி, படத்த நேராக்கிடும்" என்று நானா விளக்கினார்.

எனக்குக் கறுப்பைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. உள்ளங்கையில் வைத்தால் சோப்புக் கட்டி மாதிரி இருந்தது. கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் இரண்டையும் ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "சாம்பல எடு" என்றார்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். நான் வாங்கி வருகிற சட்டையைக்கூட என்ன நிறம் என்று பார்க்காமல் மாட்டிக்கொள்கிற மனிதர். பிரிட்ஜ் வாங்கும்போதும், எங்கள் மகளுக்குக் காலேஜ் தேடும்போதும், "உன் இஷ்டம் லா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. காமிராவுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்த அக்கறை?

"படம் எடுக்கப்போறது நானு" என்றேன்.

"நானும் எடுப்பேன்ல?" என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஒரு வக்கீல் ஆபீஸில் கிராணி, கோப்பு பார்க்கிற குமாஸ்தா வேலை எனக்கு. அன்று லீவு போட்டுவிட்டு, விடிவதற்கு முன்பே வேனில் அவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். பெடாஸ் பக்கத்துத் தோட்டத்து முச்சந்தியில் பிள்ளைகள் புத்தகப் பைகளோடு காத்திருந்தார்கள். தம்பின் சாலையில் செம்பனைக் குலை லாரிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போயின. தெருவிளக்கு ஒன்றுதான் வெளிச்சம். இரண்டு காமிராவையும் மாற்றி மாற்றி எடுத்தேன். சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு சின்னப் பெண் படியில் கால் எட்டாமல் தொங்கியது. "வேன் அங்கிள், கை குடுங்க" என்றது. அவர் இடது கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார்.

பிறகு நான் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டு கறுப்பை அவரிடம் நீட்டினேன். "எங்கள எடுங்க."

"சாம்பல குடு."

"ரெண்டுலயும் எடுங்க. அப்பத்தான தெரியும்?"

பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எடுத்தார்.

சாயங்காலம் படங்களை டீவியில் போட்டுப் பார்த்தோம். நான் கறுப்பில் எடுத்ததில் அந்தப் பெண்ணின் ரிப்பனில் இருந்த சுருக்கம்வரை தெரிந்தது. அவர் கறுப்பில் எடுத்ததில் எனக்கு நாலு கண். பிள்ளைகளின் பற்கள் ஒரு வெள்ளைக் கோடாக இழுத்துக்கொண்டு போயிருந்தன. அடுத்த படமும் அப்படி, அதற்கடுத்ததும் அப்படி. அவர் சாம்பலில் எடுத்தவை மட்டும் ஒழுங்காக இருந்தன.

"கறுப்பு மட்டமான காமிரா" என்றார்.

"நான் எடுத்தது நல்லா இருக்கே?"

அவர் கோப்பியை எடுத்துக் குடித்தார். மூடி போட்ட போத்தலில் குடித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எப்போதிருந்து இந்த மனிதர் வீட்டில்கூட மூடி போட்ட போத்தலில் கோப்பி குடிக்கிறார்? பட்டன் சட்டைகளை எல்லாம் அலமாரியில் போட்டுவிட்டு எப்போதிருந்து டீ சட்டைக்கு மாறினார்? பிள்ளைகளை ஏற்றிவிட ஏன் இடது கை? இதெல்லாம் என் கண் முன்னால் நடந்துகொண்டிருக்க, நான் ஊர்ப் படங்களை எடுக்கக் காமிரா தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது.

"வலது கைய நீட்டுங்க."

"உனக்கு வேற வேல இல்லையா?"

"நீட்டுங்கன்றேன்ல!"

நீட்டினார். விரல்கள் நடுங்கின. மின்விசிறிக் காற்றுக்குக் காலண்டர் தாள் ஆடுகிற மாதிரி, நிறுத்தாமல்.

"கோப்பி ஜாஸ்தி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ரொம்ப நாளா இருக்கு" என்றார். இன்னும் கொஞ்சம் கழித்து, "ஸ்டீரிங்க புடிச்சா நடுங்காது" என்றார்.

"பிள்ளைங்க மேல சத்தியம் பண்ணுங்க."

அவர் சத்தியம் பண்ணவில்லை. அதற்குப் பதிலாகக் கோபம் வந்தது அவருக்கு. லைசன்ஸைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது, டாக்டர் சோதனையில் இது தெரிந்தால் வேன் போச்சு, வேன் போனால் அப்புறம் அவர் யார் என்று கத்தினார். நீ வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும் என்றார். நானும் விடவில்லை. அந்தச் சாலையில் எதிரே வருகிற லாரிகளைப் பற்றிச் சொன்னேன். சிவப்பு ரிப்பனைப் பற்றிச் சொன்னேன். கடைசியில், "திங்கக்கிழமை வேன எடுத்தா நான் கேட்டுக்குக் குறுக்க படுப்பேன்" என்றேன். வெறும் மிரட்டலுக்குச் சொல்லவில்லை.

"ஞாயித்துக்கிழமை திருவிழா முடியட்டும்" என்று மட்டும் சொன்னார். சனிக்கிழமை முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. காமிரா இரண்டும் டீவிக்குப் பக்கத்தில் கிடந்தன.

அவர் பிறந்த தோட்டத்து முனியாண்டி கோயிலில் திருவிழா. தொழிலாளர் லயத்து வீடுகளில் இப்போது வங்காளதேசத்துக்காரர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் பெடாஸ் பக்கமிருந்தும் பாரோயிலிருந்தும் போர்டிக்சனிலிருந்தும் கார் கட்டிக்கொண்டு வந்து அந்த ஒருநாள் கூடிவிட்டுப் போவார்கள். என் வீட்டுக்காரர் வருஷா வருஷம் பால்குடம் எடுப்பார். இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். நேர்த்திக்கடனை யார் நிறுத்துவது? தலையில் குடத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நான் கறுப்புக் காமிராவோடு பக்கத்தில் நடந்தேன். வானம் மூடியிருந்தது. செம்பனை நிழலில் இன்னும் இருட்டு.

ஓடையைத் தாண்டியதும் குடம் ஆட ஆரம்பித்தது. பால் தளும்பி அவர் காதோரம் வழிந்தது. இடது கையால் இறுக்கிப் பிடித்தார். வலது கையின் நடுக்கம் முழங்கைவரை ஏறியது. அதற்குள் உறுமிக்காரர்கள் பார்த்துவிட்டார்கள்.

எங்கள் திருவிழாக்களில் ஒரு உடம்பு நடுங்கினால் உறுமி அங்கே ஓடும். அதுதான் வழக்கம். மேளக்காரர்கள் அவரைச் சுற்றி வளைத்துக்கொண்டு அடித்தார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ குடத்தை இறக்கினார்கள், யாரோ கையில் எலுமிச்சம்பழத்தைத் திணித்தார்கள். சாமியே வராத ஆள் என்று இத்தனை வருஷமாகச் சொந்தக்காரர்கள் கேலி செய்த மனிதர் அவர். இப்போது அதே சொந்தக்காரர்கள், "வந்துருச்சு, வந்துருச்சு" என்று கும்பிட்டார்கள். கையில் எலுமிச்சம்பழம் ஆடியது.

சாமி வந்தவர்களின் கண் எங்கோ போயிருக்கும். அவர் கண் கூட்டத்துக்குள் என்னைத் தேடியது. கண்டுபிடித்தது. நான் காமிராவைத் தாழ்த்தினேன்.

அந்த நிமிஷம் அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியும். நானும் அதையேதான் நினைத்தேன். இனி அந்தக் கை எங்கே ஆடினாலும் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். முனியாண்டி தொட்ட கை என்பார்கள். வேனில் ஆடினாலும் கும்பிடுவார்கள். அவர் மெதுவாகக் கண்ணை மூடினார்.

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவரை உலுக்கியிருப்பேன். ஆனால் அத்தனை பேர் முன்னால் அவரை எப்படி அவமானப்படுத்துவது? பூசாரி அவர் முகத்தருகே குனிந்து, "வந்திருக்கிறது யாரு? சொல்லு!" என்று கேட்டார். உறுமி நின்றது. அவர் கண் மூடியே இருந்தது.

ஒரு பெண் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். இடுப்பில் அந்தச் சின்னப் பெண். ரிப்பன் இன்று மஞ்சள். "பிள்ளைக்குத் துன்னூறு போடுங்க சாமி. அடிக்கடி காய்ச்சல் வருது" என்றாள் தாய். திருநீற்றுத் தட்டை யாரோ நீட்டினார்கள்.

"வேன் அங்கிள்" என்றது குழந்தை.

அவர் கண்ணைத் திறந்தார். தட்டில் கை வைத்தார். திருநீறு விரல்களுக்கு நடுவில் கொட்டியது. குழந்தையின் நெற்றிவரை கொண்டுபோன கை, நெற்றியைத் தொடாமல் அந்தரத்தில் ஆடிக்கொண்டே நின்றது. பிறகு கையைக் கீழே போட்டார்.

"யாரும் வரல" என்றார். சத்தமாகத்தான் சொன்னார். "இது சாமி இல்ல. எனக்குக் கை சரியில்ல. தங்கச்சி, நாளைக்குப் பிள்ளைய என் வேன்ல ஏத்தாதீங்க. யாரும் ஏத்தாதீங்க."

நான் அழுதுவிட்டேன். பெருமையா, பயமா, எனக்கே தெரியவில்லை.

ஆனால் தாயின் கண் அகல விரிந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். "சாமி வாக்கு குடுத்துருச்சு!" என்று கத்தினாள். "நாளைக்கு வேன்ல ஏத்தக்கூடாதாம்!" உறுமி மறுபடி பிடித்துக்கொண்டது. அவர், "இல்லம்மா, நான்தான் சொல்றேன், நான்தான்" என்று கெஞ்சியது மேளத்தில் அமுங்கிப்போனது. பூசாரி தலையை ஆட்டி, "முனியாண்டி விளையாடுறாரு" என்று சிரித்தார்.

திங்கட்கிழமை விடியலில் அவர் என்னை முச்சந்திக்குக் கூட்டிக்கொண்டு போனார். காரில், நான் ஓட்டினேன். ஒரு பிள்ளைகூட இல்லை. தெருவிளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. சாமி சொன்ன சொல்லுக்கு அத்தனை வீடும் கட்டுப்பட்டிருந்தது. அவர் காரிலிருந்து இறங்கி வீடு வீடாகப் போனார். ஒவ்வொரு வாசலிலும் வலது கையை நீட்டிக் காட்டினார். இது வியாதி, சாமி இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போகப்போகிறேன், வேனை இனி என் கூட்டாளி ஓட்டுவார் என்று சொன்னார். சிலர் நம்பினார்கள். அந்தத் தாய் கடைசிவரை நம்பவில்லை. அவர் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அன்று மத்தியானம் நானாவின் கடைக்குப் போனோம். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் சாம்பல் காமிராவை மேசைமேல் வைத்து நானா பக்கம் தள்ளினார். "இது வேணாம் நானா. அவளுக்குக் கறுப்புதான் பிடிச்சிருக்கு."

எனக்குக் கறுப்புதான் பிடித்திருந்தது. இன்றும் அதுதான் பிடித்திருக்கிறது. கைப்பையிலிருந்து அதை எடுத்து நானாவிடம் கொடுத்தேன். சாம்பலைத் திரும்ப இழுத்துக்கொண்டேன்.

"என்ன பண்ற?" என்றார்.

"வேன் ஓட்டக்கூடாதுன்னுதான சொன்னேன்? படம் எடுக்கக்கூடாதுன்னு யாரு சொன்னது?"

நானா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கறுப்பைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். என் வீட்டுக்காரர் வெகுநேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். கொஞ்சம் தேவலாம், கொஞ்சம்தான். சாம்பல் காமிரா என் கைப்பைக்குக் கனம். பெரும்பாலும் அவரிடம்தான் இருக்கிறது. காலையில் கூட்டாளி ஓட்டும் வேன் எங்கள் தாமான் குடியிருப்புப் பிள்ளைகளை ஏற்ற வரும்போது, கேட்டுக்குப் பக்கத்தில் நின்று எடுக்கிறார். சாயங்காலம் டீவியில் போட்டுக் காட்டுகிறார். படி ஏறும் கால்கள், ஜன்னலில் ஒட்டிய மூக்குகள், தூக்கம் வழியும் முகங்கள். எதுவும் ஆடவில்லை. ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கும் கூட்டாளியின் முகம்கூட அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. அந்தப் படம் வரும்போதெல்லாம் அவர் கொஞ்ச நேரம் அடுத்ததற்குப் போவதில்லை. நானும் போகச் சொல்வதில்லை.