பூட்டி வைத்த குரல்

பிள்ளைகளே, சுவிட்சர்லாந்தின் டீட்டிகோனில் எங்கள் வீட்டுக் குசினியில் எனக்குக் கடும் கோபம் வந்த ஒரு மாலையைப் பற்றிச் சொல்கிறேன்.

பள்ளிக்கூட வேலைக்காக என் மகள், பழைய அமெரிக்க ஜனாதிபதி ஒருவரின் ஆவணக் காப்பகத்தைக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரிடம் வேலை செய்தவர்களின் நினைவுகளை அங்கே ஒலிப்பதிவாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். ஒரு பதிவு மட்டும் திறக்கவில்லை.

"அப்பா, இந்த அதிகாரி தான் செத்த பிறகுதான் திறக்கலாம் எண்டு சொல்லிப்போட்டாராம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பெரிய ஆக்களுக்கு மட்டும் பூட்டோ? இஞ்ச வந்த புதுசில அகதி விசாரணையில என்ர அண்ணை செத்ததைச் சொல்லேக்க, நிப்பாட்டுங்கோ எண்டு அதிகாரியளிட்டக் கெஞ்சினன். விடேல்லை. நான் சொன்னதை ஆரார் எல்லாமோ வாசிச்சிட்டு, பொய் எண்டு எழுதினாங்கள்!"

மேசையில் அடித்த அடியில் தேநீர் கவிழ்ந்தது. தன் பெரியப்பா இறந்ததைப் பற்றி அவள் முதன்முதலில் கேள்விப்பட்டது அன்றுதான். விசாரணைக்குப் பிறகு ஒருவழியாக இங்கே தங்க வதிவிட அனுமதி கிடைத்தும், அதுவரை அவளிடம்கூட நான் வாய் திறந்ததில்லை.

மகள் மேசையைத் துடைத்துவிட்டுத் தன் கைபேசியில் ஒலிப்பதிவைத் தொடக்கி என் முன்னால் வைத்தாள். "எனக்குச் சொல்லுங்கோ. எதைப் பூட்டுறது எண்டு நீங்களே சொல்லுங்கோ."

அண்ணனைப் பற்றிச் சொன்னேன். பாதியில் கையைத் தூக்கினேன்.

"நிப்பாட்டு, பிள்ளை."

உடனே ஒலிப்பதிவை நிறுத்தினாள்.

அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் நான் நிறுத்தச் சொன்னதும் ஒருவர் நிறுத்தியது அதுவே முதல் தடவை.