பிள்ளை ஒரு பஸ்ஸில், நான் ஒரு பஸ்ஸில்

எங்கள் போடி பஸ் நிலையத்தில் இடம் பிடிக்க ஜன்னல் வழியே துண்டு போடுவார்கள். கைக்குழந்தைக்காரிகள் பிள்ளையையே உள்ளே இருப்பவரிடம் கொடுத்துவிட்டு ஏறுவார்கள். ஒருநாள் நானும் ராசிங்காபுரம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளிடம் என் எட்டு மாத மகனைக் கொடுத்தேன். கூட்டத்தோடு முண்டியடித்து ஏறிப் பார்த்தால் இருவரையும் காணோம். படித்தவள் நான், போர்டைப் பார்க்காமல் பக்கத்தில் நின்ற தேனி பஸ்ஸில் ஏறியிருந்தேன்! இறங்குவதற்குள் ராசிங்காபுரம் பஸ் உறும ஆரம்பித்தது. அலறிக்கொண்டு ஓடினேன்.

அந்த அம்மாள் ஜன்னலில் தலையை நீட்டி, "வெரசா வா ஆத்தா! நீ ஏறாம வண்டிய எடுக்க விட்டுருவோமா?" என்றார்.

"துண்டப் போட்டு மறந்தவுக உண்டு. புள்ளையப் போட்டு மறந்தது நீங்கதேன்க்கா!" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது, என் மகனும்தான்.

இப்போதெல்லாம் போர்டை இரண்டு முறை படித்துத்தான் ஏறுகிறேன். யாராவது ஜன்னலில் பிள்ளையை நீட்டினால் வாங்கிக்கொண்டு, அவள் ஏறும்வரை படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.